மூணு கடைக்கும் ஒரே போல்டர்

டைட்டஸ் சாரைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுன்னு யாராவது கேட்டா எனக்கு வாய் கோணிக்கும். அந்த ஆளுக்க கடையில கம்ப்யூட்டர் முன்னாடி எட்டு வருஷம் இருந்து எனக்க முதுகு தேஞ்சதுதான் மிச்சம். மணவாளக்குறிச்சியில ஒண்ணு, கொட்டாரத்துல ஒண்ணு, கன்னியாகுமரியில ஒண்ணுன்னு மூணு பிரஸ் வெச்சிருந்தாரு. மூணு கடைக்கு முன்னாடியும் போர்டுல அவருக்க பேரு அவரை விட உயரமா நிக்கும். ஆளு என்னவோ கட்டையாக்கும்.

"சார்"னுதான் விளிக்கணும். எங்க கரையில பெறந்த ஆளு, எனக்க அப்பா கூட மணல்ல பந்து தட்டி விளையாடின ஆளு. வேலைக்குச் சேந்த புதுசுல பழக்கத்துல "மாமா"ன்னு விளிச்சிட்டேன். மொகம் போன போக்கைப் பாக்கணுமே! "ஏட்டி பிரிஜா, இது ஆபீசு. மாமன் மச்சானெல்லாம் கடப்பொறத்தோட வெச்சுக்க"ன்னாரு. சரி சார்னு சொல்லிட்டேன். அன்னைக்குத் தொடங்கினது எனக்கு அந்த ஆளு மேல உள்ள எளக்காரம்.

துபாய்ல பெரிய பிரஸ்ஸுல புரொடக்ஷன் மேனேஜரா இருந்தேன்னு வாறவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுவாரு. கூட இருந்த ஆளுக எங்க ஊருலயே உண்டு. பேப்பர் கட்டைத் தூக்கி மெஷினுக்குப் பக்கத்துல அடுக்குத வேலையாம் பாத்தது. அதுல ஒரு கேவலமும் இல்ல. பேப்பர் தூக்க ஆளில்லாம எந்த பிரஸ் நடக்கும்? ஆனா அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வராது. 2004-ல ஊருக்குத் திரும்பி வரும்போ கழுத்துல ஒரு அடையாள அட்டையும் தொங்கவிட்டு வந்தாரு. ஊரு பூரா தெரிஞ்ச ஆளுக்கு என்ன எளவுக்கு அடையாள அட்டை?

அந்தத் துபாய்க்கு அவரை அனுப்பினது அவருக்க அண்ணன் மரியான். அப்பா சின்னதுலயே போயிட்டாரு, அண்ணன்தான் தம்பியைத் தோளுல போட்டு வளத்தது. மீன் பிடிக்குத வள்ளத்துல தனக்குள்ள பங்கை வித்து தம்பிக்கு விசா எடுத்துக் குடுத்துட்டு, பெறவு அதே வள்ளத்துல கூலிக்குப் போன மனுஷன். அதனால ஊரே சேந்து புகழ்ந்தாலும் டைட்டஸ் சாருக்கு அது ஏறாது. அண்ணன் ஒருக்க "கொள்ளாம்டே, நல்லாருக்கு"ன்னு சொல்லணும். மத்தவன் சொல்லுகதெல்லாம் அவருக்குக் காத்து மாதிரி.

2005-ல மணவாளக்குறிச்சியில முதல் கடையைத் தொறந்தப்ப மரியான் வந்தாரு. மெஷினைத் தொட்டுப் பாத்தாரு. மூலையில நின்னு ஒரு சாயா குடிச்சாரு. "கொள்ளாம்டே"ன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டு மீன் ஏலத்துக்கு நேரமாச்சுன்னு போனாரு. அன்னைக்கு டைட்டஸ் சார் சிரிச்ச சிரிப்பை நான் பெறவு பாத்ததில்ல. அன்னைக்கு மட்டும்தான் அந்த ஆளு பாக்குறதுக்கு மனுஷன் மாதிரி இருந்தாரு.

அந்த ஒத்தை வார்த்தையைத் தொலைச்சது 2010-ல, கன்னியாகுமரி கடையைத் தொறந்த அன்னைக்கு. ஏசி போட்ட கடை, கண்ணாடிக் கதவு. லாட்ஜ்காரங்க, ஓட்டல்காரங்க எல்லாம் வந்து சோபாவுல சாஞ்சிருந்தாங்க. ஜூஸ் குடுக்கதுக்குன்னு மூணு கடைப் பிள்ளைங்களையும் வரச் சொல்லியிருந்தாரு. டி.டி.பி. படிச்சதுக்கு அந்த மரியாதை! மரியான் நல்ல வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டுத்தான் வந்தாரு. காலுல செருப்பு இல்ல, அவ்வளவுதான். சோபாவுல இருந்த ஒரு லாட்ஜ் முதலாளி அவரைப் பாத்துட்டு, "இது யாரு?"ன்னு டைட்டஸ் சார்ட்ட கேட்டாரு. நான் தட்டோட பக்கத்துலதான் நிக்கேன். சார் அண்ணனுக்க வெறுங்காலைப் பாத்தாரு. பெறவு, "நம்ம ஊருக்காரரு. தெரிஞ்சவரு"ன்னாரு.

தெரிஞ்சவரு! வெளங்குமா இந்த ஆளு?

மரியான் எனக்க தட்டுல இருந்து ஒரு ஜூஸ் எடுத்தாரு. அவசரப்படாம முழுசாக் குடிச்சாரு. கிளாஸைத் திருப்பி வெச்சுட்டு, "மக்கா, நான் வாறேன்"னு எங்கிட்டச் சொன்னாரு, தம்பிகிட்ட இல்ல. கதவைத் தள்ளணுமா இழுக்கணுமான்னு தெரியாம கொஞ்சம் நின்னு, பெறவு இழுத்துத் தொறந்துட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாரு.

அதுக்கப்புறம் அவரு அந்த மூணு கடையில ஒண்ணுலயும் காலெடுத்து வெக்கல்ல. மணவாளக்குறிச்சி கடையைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போவாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கமா போவாரு. தம்பி கிறிஸ்மஸுக்கு கேக் குடுத்து விட்டா வாங்கிக்கிடுவாரு, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு வெட்டிக் குடுத்திருவாரு. ஒரு துண்டு வாயில போடமாட்டாருன்னு அவருக்க பெஞ்சாதி வேளாங்கண்ணியே சொல்லி நான் கேட்டிருக்கேன்.

ஒரு வார்த்தை போதும். நேரா வீட்டுக்குப் போயி, "அண்ணே, தப்புதான்"னு சொன்னா முடிஞ்சிரும். கன்னியாகுமரியில இருந்து பஸ் ஏறினா எங்க ஊரு என்ன அமெரிக்காவுலயா கெடக்கு? ஆனா அந்த ஆளுக்கு அது தோணாது. கடையைப் பெருசாக்கினா அண்ணன் தானா வருவாருன்னு நெனப்பு. "பிரிஜா, இருந்து பாரு. நம்ம சிஸ்டத்தை மட்டும் அண்ணன் ஒருக்க கண்ணால பாத்தாருன்னு வெய்யி, அசந்திருவாரு"ன்னு எங்கிட்டயே சொல்லியிருக்காரு. கடலுக்குப் போற மனுஷன் கம்ப்யூட்டரைப் பாத்து எதுக்கு அசரணும்? கூறு இருந்தா இப்படிப் பேசுவானா ஒரு ஆளு?

சிஸ்டம்னு சொன்னேன்ல, அந்தக் கூத்தையும் சொல்லணும்.

பெரிய மெஷினெல்லாம் கொட்டாரத்துலதான். அங்கதான் விசாலமான எடம். மணவாளக்குறிச்சியில நான் கல்யாணக் கார்டு, சாவு போஸ்டர், திருவிழா நோட்டீஸ் எல்லாம் கம்போஸ் பண்ணுவேன். கன்னியாகுமரியில லாட்ஜ் பில் புக்கும் விசிட்டிங் கார்டும் ஃபிளக்ஸும். எல்லாத்தையும் கொட்டாரத்துல ஷாஜன்தான் அடிக்கணும். ஷாஜன் மெஷின் ஓட்டுக ஆளு, சத்தம் போட்டுப் பேசுவான், மனசுல ஒண்ணும் வெக்கமாட்டான். ஆரம்பத்துல சிடியில காப்பி பண்ணி பேப்பர்ல சுத்தி பஸ் கண்டக்டர் கையில குடுத்து விடுவோம். ஷாஜன் கொட்டாரம் ஸ்டாப்புல நின்னு வாங்கிக்கிடுவான். கண்டக்டருக்கு வருஷத்துக்கு ஒரு காலண்டர். ஒருக்க கண்டக்டர் மறந்து போயி எங்க ஊரு மாதா நோட்டீஸ் திருநெல்வேலி வரைக்கும் போயிட்டு வந்துச்சு. பெறவு நெட்டு வந்துது, மெயில் வந்துது, கொஞ்சம் கொஞ்சமா அதுலயே எல்லாம் ஓடிச்சு.

2012-ல ஒரு நாள் சார் வந்து, "இனி மூணு கடைக்கும் ஒரே போல்டர்"னாரு. நெட்டு வழியா மூணு கடை கம்ப்யூட்டரும் அவருக்க லேப்டாப்பும் ஒரே போல்டரைப் பாக்கும். ஒரு இடத்துல மாத்தினா நாலு இடத்துலயும் மாறும். உள்ளதைச் சொல்லணும்லா, சங்கதி நல்ல சங்கதிதான். ஆனா நல்ல சங்கதி கெடைச்சா அதுமேல ஏறி உக்காந்து நாசமாக்கணும்ல, இல்லேன்னா அவரு முதலாளி எப்படி? உள்ள மூணு அறை மாதிரி பிரிச்சு இங்கிலீஷ்ல பேரு போட்டாரு. தமிழ்ல சொன்னா வரவு, பார்வை, அச்சு. நாங்க செய்யுத வேலையை பார்வையில வெக்கணும். சார் அதைப் பாத்து அச்சுக்கு மாத்துவாரு. அச்சுல கெடக்கதை மட்டும்தான் ஷாஜன் அடிக்கணும். சார் மாத்தாம ஒரு விசிட்டிங் கார்டுகூட மெஷின்ல ஏறப்படாது.

சரி, பாப்பாரான்னா அதுவும் கிடையாது. பைலைத் தொறக்காமலேயே இழுத்து அச்சுல போட்டிருவாரு. எனக்குத் தெரியாதா? ஒரு நாள் வேணும்னே வெறும் வெள்ளைத் தாளை பார்வையில வெச்சேன். அதுவும் அச்சுக்குப் போச்சு! ஷாஜன் விளிச்சு, "ஏ பிள்ளே, இதை எந்தக் கலர்ல அடிக்கணும்?"னு கேட்டுச் சிரிச்சான். மணல் ஆலையில ரிட்டயர் ஆன ஒரு பெரியவருக்க பாராட்டு விழா அழைப்பிதழ் பார்வையிலயே கெடந்துது, ஏன்னா சார் திருவனந்தபுரத்துல ஏதோ கல்யாணத்துக்குப் போயி நெட்டு இல்லாம இருந்தாரு. விழா முடிஞ்ச மறுநாள் அழைப்பிதழ் வந்துது. அந்தப் பெரியவரு கடைக்கு வந்து என்னை ஏசினாரு. நான் கேட்டுக்கிட்டேன். சாரு கேட்பாரா?

இதுல பெரிய கூறுகேடு எதுன்னா, போன் கூடாதுன்னாரு. எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொதுவுல கெடக்க பைலைத் தொறக்க முன்னாடி மத்த கடைக்கு ஒரு விளி, "நான் தொறக்கேன், நீ தொடாதே." முடிச்சதும், "மூடிட்டேன், வேணும்னா எடு." ஏன்னா ரெண்டு பேரு ஒரே பைலைத் தொறந்து வெச்சு வேலை செஞ்சா, யாரு கடைசியா சேவ் பண்ணுகாங்களோ அவங்க வெச்சதுதான் நிக்கும். முன்னாடி சேவ் பண்ணினவன் செஞ்சது போச்சு. இது சாருக்குப் பிடிக்கல்ல. "என்ன பிரிஜா, மீன் ஏலமா நடக்கு இங்க? துபாய்ல ஒருத்தனும் போன்ல கூவமாட்டான். எல்லாம் சிஸ்டம் பேசும்"னாரு. யாராவது மீறி விளிச்சா எடுக்கமாட்டாரு, மறுநாள் நின்னு கிளாஸ் எடுப்பாரு. நானும் ஷாஜனும் சவம் தொலையட்டும்னு விட்டுட்டோம்.

இப்படியே ஒரு வருஷம் ஓடிச்சு. அண்ணன் வரல்ல. சிஸ்டத்தைப் பாத்து அசரவும் இல்ல.

2013-ல எங்க ஊரு கோயில் திருவிழா கொடியேத்துக்கு முந்தின நாளு மத்தியானம் மரியான் கரையில வலையைப் பிரிச்சிட்டு இருக்கும்போ நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வழியிலயே முடிஞ்சிட்டு. கோயில்ல துக்க மணி அடிச்சுது.

சாயங்காலம் மரியானுக்க மவன் லிஜின் எங்க கடைக்கு வந்தான். கண்ணு செவந்து கெடந்துது. போஸ்டருக்கு போட்டோவும் பேரெல்லாம் எழுதின தாளும் குடுத்தான். அந்த வீட்டுல இருந்து எங்க கடைக்கு வந்த முதல் வேலை அதுதான். எனக்கு அதை நெனச்சு ஒரு மாதிரி ஆயிட்டு. "சித்தப்பாவுக்குச் சொல்லியாச்சா மக்கா?"ன்னு கேட்டேன். "ஊருல யாரோ விளிச்சுச் சொல்லிட்டாங்களாம், அக்கா. நாங்க சொல்லல்ல. வரணும்னு தோணினா வரட்டும், அம்மை ஒண்ணும் சொல்லமாட்டா"ன்னான். அடக்கம் மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு. அப்படியே கம்போஸ் பண்ணி பார்வையில வெச்சேன்.

கொஞ்ச நேரத்துல லிஜின் ஊருல இருந்து விளிச்சான். மறுநாள் சாயங்காலம் கொடியேத்து, அதுக்கு முன்னாடி கோயிலையும் தெருவையும் ஒதுக்கணும், அதனால காலையிலயே அடக்கம் முடிக்கணும்னு பங்குச் சாமியார் சொல்லிட்டாராம். நேரம் பதினோரு மணி. நான் பைலைத் தொறந்து நாலை எடுத்துட்டு பதினொண்ணு போட்டேன், மாலையை காலையாக்கினேன், சேவ் பண்ணினேன். ரெண்டு மட்டம் பாத்தேன். பெறவு பைலு பார்வையில இருந்து அச்சுக்குப் போனதையும் பாத்தேன். சரி, அண்ணன் வேலையாவது உடனே பாத்தாரேன்னு நெனச்சுக் கடையை அடைச்சிட்டு துக்க வீட்டுக்குப் போனேன்.

அந்த நேரம் சார் பக்கத்துல என்ன நடந்துதுன்னு, சாரே சொல்லிக் கேட்டதா ஷாஜன் பெறவுதான் சொன்னான்.

சாருக்குச் சேதி கிடைச்சு, போஸ்டர் பார்வைக்கு வந்ததும் கன்னியாகுமரி கடையில லேப்டாப்பைத் தொறந்து அண்ணனுக்க போஸ்டரை எடுத்திருக்காரு. நான் நாலு மணின்னு முதல்ல வெச்ச போஸ்டர். அதைத் தொறந்து வெச்சு உக்காந்து சொந்தக் கையால வேலை செஞ்சிருக்காரு. வருஷக்கணக்கா மவுஸைத் தொடாத ஆளு. லிஜின் குடுத்த போட்டோ சின்னது, மங்கலு. அதை எடுத்துட்டுத் தன்கிட்ட இருந்த ஒரு பழைய போட்டோவை வெச்சிருக்காரு. சுத்தி தங்கக் கலர்ல பார்டர். துக்கத்துடன்னு போட்ட எடத்துல எல்லார் பேருக்கும் மேல, மவனுக்கும் மேல, பெரிய எழுத்துல "அன்புத் தம்பி டைட்டஸ்". அதுக்குக் கீழ மூணு கடை பேரு. சாவுலயும் விளம்பரம், பாத்தியளா! அந்த வேலை நடந்துட்டு இருக்கும்போதான் நான் இங்க நேரத்தை மாத்தி சேவ் பண்ணினது. நான் சேவ் பண்ணினதுக்கு மேல அவரு சேவ் பண்ணினாரு. பதினொண்ணு போச்சு. நாலு வந்து நின்னுட்டு. அச்சுக்கு இழுத்துப் போட்டதும் அவருதான்.

பெறவு காரெடுத்து கொட்டாரத்துக்கே வந்துட்டாராம். நல்ல பேப்பர் போடுன்னாராம். மெஷினுக்குப் பக்கத்துலயே நின்னு, வந்து விழுந்த போஸ்டரை ஒவ்வொண்ணா எடுத்து அண்ணன் மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தாராம். ஷாஜன் பொறுக்காம, "சார், துக்க வீட்டுக்குப் போகல்லியா?"ன்னு கேட்டிருக்கான். "இப்ப போனா மைனி வாசல்லயே நிப்பாட்டுவா ஷாஜன். ஊரு பாக்கும். நாளைக்கு அடக்க நேரத்துக்குப் போறேன். கூட்டத்துல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமுடியாது. பெட்டிகிட்டப் போயி அண்ணன்ட்ட நான் பேசிக்கிடுகேன்"னாராம். செத்த பெறவாவது பேசணும்னு தோணிச்சே. அதுக்கும் கூட்டம் வேணும், மறைவு வேணும், நேரம் பாக்கணும். த்தூ.

மறுநாள் காலையில பதினொண்ணுக்கு ஊரே கூடிட்டு. எங்க ஊருக்காரங்க யாரும் போஸ்டரைப் பாத்து அடக்கத்துக்கு வாறதில்ல. கோயில் மைக்குல சொல்லுவாங்க, மணி அடிக்கும், அவ்வளவுதான். போஸ்டர் வெளியூருக்காரனுக்கு உள்ளது. கோயில்ல திருப்பலி முடிஞ்சு பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிட்டு வந்தோம். குழி பக்கத்துல வெச்சு, மூடியை எடுத்து, சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து முத்தம் குடுத்தாங்க. அதுதான் கடைசி, அதுக்கப்புறம் மூடிருவாங்க. எல்லாரும் குடுத்தாச்சு. ஆளுக மூடியைத் தூக்கப் போனாங்க.

"கொஞ்சம் பொறுங்க சாமியாரே, சித்தப்பா வந்திருவாரு"ன்னான் லிஜின்.

சாமியாரும் பொறுத்தாரு. லிஜின் ரோட்டு வரைக்கும் ஓடிப் போயி நின்னான். வெயிலு சுள்ளுன்னு அடிக்கு. வேளாங்கண்ணி பெட்டித் தலைமாட்டுல மணல்ல உக்காந்து, கைத்துண்டால மரியானுக்க மொகத்துல ஈ வராம வீசிட்டே இருந்தா. பொம்பளைங்க குசுகுசுக்க ஆரம்பிச்சாங்க. அண்ணன் சாவுக்கே வராதவன் மனுஷனா, காசு வந்தா ரத்தம் வெள்ளையாயிரும் போலன்னு எனக்குப் பின்னால ஒருத்தி சொன்னா. நானும் வாயை வெச்சுட்டு சும்மா இருக்கல்ல. "தெரிஞ்சவரு சாவுக்கு யாரு வருவா?"ன்னேன். கேட்டவங்க என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

யாரோ ஒருத்தரு, "போன் போட்டுப் பாருங்களேன்"னு சொன்னாரு. வேளாங்கண்ணி வீசுகதை நிப்பாட்டாமலேயே, "விளிக்கப்படாது. கூடப்பெறந்தவனை ஆளு வெச்சா கூப்பிடணும்? அவனா வரணும். வருவான்"னா. அதுக்கு மேல யாரும் போனை எடுக்கல்ல. அவன் வேணும்னுதான் வரல்லன்னு அங்க நின்ன எல்லாருக்கும் உறுதி. எனக்கும்தான். அந்த ஆளு அப்படி ஒரு பேரு சம்பாதிச்சு வெச்சிருந்தாரு.

லிஜின் தனியாத் திரும்பி வந்தான். கொடியேத்து வேலை கெடக்குன்னு கோயில்ல இருந்து ஆளு வந்து சாமியார் பக்கத்துல நின்னான். சாமியார் வேளாங்கண்ணியைப் பாத்தாரு. அவ எழும்பிக் கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டா. மூடிட்டாங்க.

வீட்டுக்கு வந்து குளிச்சு, கஞ்சி குடிச்சு, மூணு மணி வாக்குல கடையைத் தொறக்கலாம்னு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். அங்க சுவர்ல மரியான் சிரிச்சுட்டு நிக்காரு. நான் வெச்ச போட்டோ இல்ல. தங்க பார்டர் என்ன, அன்புத் தம்பி என்ன! பவுசைப் பாருன்னு மனசுக்குள்ள ஏசிக்கிட்டே கீழ வாசிச்சேன். மாலை நாலு மணி. மறுபடியும் வாசிச்சேன். என்ன நடந்திருக்கும்னு அந்த எடத்துலயே புரிஞ்சு போச்சு.

போனை எடுக்கதுக்குள்ள அவருக்க கார் என்னைத் தாண்டிப் போச்சு. மேல சுருட்டிக் கெட்டின பெரிய ஃபிளக்ஸ், பின் சீட்டு பூரா மலர் வளையம். எனக்கு அங்க போக வேண்டிய சோலி ஒண்ணும் இல்ல. ஆனா பின்னாலயே நடந்தேன்.

கோயில்ல கொடியேத்துக்கு மைக்குல பாட்டு போட்டிருந்தாங்க. மரியான் வீட்டு முற்றத்துல பந்தலைப் பிரிச்சாச்சு. வாடகைக்காரன் நாற்காலியெல்லாம் அடுக்கி வேன்ல ஏத்திட்டு இருந்தான். டைட்டஸ் சார் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமா இறங்கி, வளையத்தைக் கையில பிடிச்சிட்டு நிக்காரு. கூட்டத்தைத் தேடுகாரு. கூட்டம் எங்க இருக்கு? வேளாங்கண்ணி மட்டும் நடையில தூணுல சாஞ்சு இருந்தா.

"மைனி... எல்லாரும் எங்க மைனி? கோயிலுக்குக் கொண்டு போயாச்சா?"

"அடக்கம் காலையிலயே முடிஞ்சுல்லா தம்பி."

"நாலு மணிக்கில்லா?"ன்னு சொல்லி சட்டைப் பைக்குள்ள மடக்கி வெச்சிருந்த போஸ்டரை எடுத்து விரிச்சுக் காட்டுகாரு. அவ வாசிக்கத் தெரியாதவ. லிஜின் உள்ள இருந்து வந்தான். "பதினொண்ணுக்குன்னு பிரிஜாக்காட்ட நேத்தே மாத்திச் சொன்னேனே சித்தப்பா"ன்னான்.

சார் திரும்பினாரு. அப்பத்தான் என்னைப் பாத்தாரு. மூஞ்சி ரத்தமாச் செவந்துட்டு. "ஏட்டி! நீ மாத்தல்லியா?"ன்னு கத்தினாரு.

எட்டு வருஷமா அந்த ஆளுக்கு முன்னாடி வாயைப் பொத்திக்கிட்டு நின்னிருக்கேன். அன்னைக்குப் பொத்தல்ல. "மாத்தினேன் சார். நீங்க அதுக்கு மேல உங்க பேரைப் போட்டு சேவ் பண்ணியிருக்கிய. மேல பாருங்க, பெருசாத்தானே இருக்கு"ன்னேன்.

அவரு போஸ்டரைப் பாத்தாரு. மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. வளையம் கையில இருந்து நழுவி மணல்ல விழுந்துது. பக்கத்துல கடைசியா கெடந்த நாற்காலியில பொத்துன்னு இருந்துட்டாரு. அதை எடுக்க வந்த வாடகைக்காரன் ஒண்ணும் புரியாம நின்னான். நல்லா வேணும்னு நெனைக்கத்தான் எனக்கு ஆசை. நெனைக்க முடியல்ல. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழ தாடை கிடுகிடுன்னு ஆடிட்டு இருந்துது, சின்னப் பிள்ளை மாதிரி.

பெறவு தலையைத் தூக்கினாரு. "எல்லாரும் மொகம் பாத்தாச்சா மைனி?"ன்னு கேட்டாரு.

"எல்லாரும் பாத்தாச்சு தம்பி"ன்னா வேளாங்கண்ணி. "நீ ஒருத்தன்தான் பாக்கல்ல. உனக்கு வேண்டி ரொம்ப நேரம் தொறந்தே வெச்சிருந்தோம். வெயிலு ஏறிட்டு. பெறவு மூடிட்டோம்."